ஹெட்டர் பைலில் மிஞ்சியது என் பெயர் மட்டும்

கதிர்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "நான் வந்துர்றேம்பா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று சொன்னபோது, பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். சம்மதம் இல்லை. உன் மாமா என் எதிரில் உட்கார்ந்து, இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எதிரில் என்னால் பேச முடியாது என்பது உனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் நான் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடித்ததே இல்லை. எழுதும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

கடலூர் டாக்டர் என்னிடம் ரத்த அழுத்தம் ஏறிக்கிடக்கிறது, தினமும் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் அலைவதைக் குறையுங்கள் என்று சொன்னார். அதை அம்மா மாமாவிடம் சொன்னாள். அவர் யோசிக்கக்கூட இல்லை. "தம்பி வந்து உக்காரட்டும் மாப்ள. அன்னைக்கே நீங்க வீட்டுல இருந்துக்குங்க. நான் என்ன உங்களக் கட்டியா போட்டு வச்சிருக்கேன்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அடுத்த நாளே அவர் உனக்குப் போன் போட்டிருக்கிறார். நீ சென்னை வேலைக்கு ராஜினாமா எழுதப் போகிறாய் என்று அம்மா சந்தோஷமாகச் சொல்கிறாள். நீ வந்தால் நான் வெளியே போகலாம், வராவிட்டால் நான் அங்கேயே கிடப்பேன் என்று எல்லோரும் கணக்குப் போட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கு ஏன் தப்பு என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிற சி மொழி வரும், ஹெட்டர் பைல் வரும். உனக்குத் தெரிந்ததையே சொல்வேன். தெரியாதவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அது பழக்கமாகிவிட்டது, பொறுத்துக்கொள்.

நான் இந்தக் கம்பெனிக்கு வந்த கதையும் இப்படித்தான் ஆரம்பித்தது. சென்னையில் நல்ல வேலையில் இருந்தேன். நீ அம்மா வயிற்றில் இருந்தாய். மாமா அப்போது கடலூர் முதுநகரில் மோட்டாரும் ஜெனரேட்டரும் விற்றுக்கொண்டிருந்தார். மோட்டாரோடு சேர்த்து அதைத் தானாக ஓட்டும் பெட்டியும் செய்து விற்கலாம் என்று அவருக்கு யோசனை வந்தது. நல்ல யோசனைதான், அதை மறுக்க மாட்டேன். "ஒரே ஒரு வருஷம் கூட இருங்க மாப்ள, பொட்டி ஓட ஆரம்பிச்சதும் நீங்க கெளம்பிக்கலாம்" என்றார். தங்குவதற்குச் சிதம்பரத்தில் அவர் வீட்டு மாடியைக் கொடுத்தார். போய்வர அவர் காரிலேயே இடம் கொடுத்தார். முன் சீட்டில் அவர் பை இருக்கும், பின் சீட்டில் நான் இருப்பேன். நீ பிறந்தாய், நடந்தாய், பள்ளிக்கூடம் போனாய், காலேஜ் முடித்தாய். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று அதே ரோட்டை அதே ஜன்னல் வழியாக இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இறங்கிவிடலாமே என்று நீ ஒருமுறை கேட்டாய். வீடு அவருடையது, வேலை அவருடையது, மனைவி அவருடைய தங்கை. எந்தக் கதவைத் திறந்தாலும் அவருடைய கூடத்தில்தான் போய் நிற்பேன்.

அந்தப் பெட்டிக்குள் ஓடும் நிரல் என்னுடையது. முதலில் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனிக்கு எழுதினேன். மின்சாரம் போனால் உடனே ஜெனரேட்டரை ஓட்ட வேண்டாம், அரை மணி நேரத்தில் ஐஸ் கரைந்துவிடாது, டீசல்தான் வீணாகும் என்று அவர்கள் சொன்னார்கள். அதனால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் ஃபங்ஷனுக்கு, நிரலின் அந்தத் துண்டுக்கு, நிமிடக் கணக்கு வைத்தேன். பம்புக்கான மற்ற ஃபங்ஷன்களுக்கெல்லாம் வினாடிக் கணக்கு. ஒரே பைலில் இரண்டு அளவு வந்ததால் ஹெட்டரில் அந்த வரிக்கு மேல் கமெண்டாக, இயந்திரம் படிக்காத, ஆள் படிக்கிற குறிப்பாக, தெளிவாக எழுதினேன்: இது நிமிடத்தில், வினாடியில் அல்ல, ஐஸ் கம்பெனிக்காக இப்படி, வேறு இடத்தில் போடும்போது கவனம். ஹெட்டர் என்றால் என்ன? உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்பதை மூடி வைத்துவிட்டு, எதைக் கொடுத்தால் எது கிடைக்கும் என்பதை மட்டும் வெளியாளுக்குச் சொல்கிற பைல். பண்ணைகளுக்கும் கம்பெனிகளுக்கும் சுவிட்ச் பேனல் செய்து மாட்டுகிறவர்களுக்கு நாங்கள் நிரலைத் திறக்க முடியாதபடி கட்டிக் கொடுப்போம். கூடவே ஹெட்டரைக் கொடுப்போம். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான். அதில் இல்லாதது அவர்களைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு புராஜெக்ட்டை என்னிடம் காட்டினாய், நினைவிருக்கிறதா? வரிக்கு வரி கமெண்ட். "ஐ-யில் ஒன்றைக் கூட்டுகிறோம்" என்று ஓர் இடத்தில். "அதைப் படிக்கத் தெரியாதவன் இந்தப் பைல எதுக்குடா தொறக்குறான்?" என்று கேட்டேன். "மிஸ்தான் கமெண்ட் ஜாஸ்தி போட்டா மார்க்கு ஜாஸ்தின்னாங்க" என்றாய். ஹெட்டரில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரு வேரியபிளை மட்டும் ஹெட்டருக்குள்ளேயே உருவாக்கி வைத்திருந்தாய். அதை இரண்டு பைல்கள் சேர்த்துக்கொண்டதும், பைல்களை ஒன்றாகக் கோக்கிற லிங்க்கர் கத்தியது. "வீட்டுக்கு வீடு ஒரே ரேஷன் கார்டு நம்பர் குடுத்தா அவன் கத்தாம என்ன பண்ணுவான்?" என்றேன். நீ கோபத்தில் அன்று சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் பார்த்தேன், வேரியபிளை, வேலை நடக்கிற சி பைலுக்கு நகர்த்திவிட்டு, ஹெட்டரில் அது வேறு இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் எக்ஸ்டெர்ன் மட்டும் போட்டு, அதற்கு மேல், "இதை மாற்றும் உரிமை இந்த பைலுக்கு மட்டுமே" என்று எழுதியிருந்தாய். அதை உன்னிடம் அப்போது பாராட்டவில்லை. இப்போது சொல்கிறேன், நன்றாக எழுதியிருந்தாய்.

பெட்டி விற்க ஆரம்பித்து, இறால் பண்ணைகள் கேட்க ஆரம்பித்த பிறகு, மாமாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வெளியே போகிற ஹெட்டர்களைப் பார்த்து யாராவது காப்பி அடித்துவிட்டால் என்ன செய்வது? "எல்லாத்தையும் இப்படிப் புட்டுப் புட்டு வச்சிருக்கீங்களே மாப்ள. இதப் படிச்சா எவன் நமக்குப் போன் பண்ணுவான்? போன் பண்ணாதான நம்ம வேணும்னு தெரியும்" என்றார். நான் சொல்லிப் பார்த்தேன். பெட்டியைக் காப்பி அடிக்கிறவனுக்குக் கமெண்ட் தேவையில்லை, பெட்டியைச் சரியாக மாட்டுகிறவனுக்குத்தான் தேவை என்றேன். பாதி சொல்லும்போதே அவருக்கு வேறு போன் வந்துவிட்டது. நான் உன் பாட்டியின் காரியத்துக்குப் போயிருந்த வாரத்தில், ஆபீஸில் ஒருவரை வைத்து எல்லா ஹெட்டரிலும் கமெண்டுகளை அழித்துவிட்டார். அதோடு, சின்னச் சின்னதாக இருந்த ஹெட்டர்களை எல்லாம் ஒன்றாக ஒட்டி ஒரே பெரிய பைலாக ஆக்கிவிட்டார், "ஒண்ணே ஒண்ணு குடுத்தா போதும், தொந்தரவு இல்ல" என்று. ஒவ்வொரு பைலின் தலையிலும் எழுதியவர் என்று என் பெயர் இருந்தது. அதை மட்டும் விட்டுவைத்தார். எஞ்சினியர் பெயர் இருந்தால் பார்ட்டிக்கு ஒரு மரியாதை வருமாம்.

கிள்ளைப் பக்கம் அந்தோணிசாமி என்பவரின் பண்ணையில் எங்கள் பெட்டியை மாட்டினார்கள். மாட்டியது நாங்கள் இல்லை, பரங்கிப்பேட்டையில் பேனல் செய்யும் நசீமா என்ற எஞ்சினியர். இறால் குளத்தில் காற்றடிக்கும் சக்கரங்கள் நின்றால் தண்ணீரில் மூச்சு குறைந்துபோகும், அதனால் மின்சாரம் போய் ஒன்றரை நிமிடத்தில் ஜெனரேட்டர் ஓட வேண்டும். நசீமா ஹெட்டரைப் பார்த்தார். சுற்றியிருந்த எல்லாமே வினாடி. இதுவும் வினாடிதான் என்று நினைத்து, தொண்ணூறு கொடுத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் கொடுத்திருப்பார்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் காத்திருக்காமல் உடனே ஓடும்படி நான் வைத்திருந்ததால், சோதித்தபோது சரியாக ஓடியது. அதுவரை வந்த மின்வெட்டெல்லாம் சிறியவை, யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் விடியும் முன் போன கரண்ட் வரவே இல்லை. ஜெனரேட்டர் தானாக ஓடும் என்ற நம்பிக்கையில் காவல்காரர் படுத்திருந்தார். பெட்டி சொன்னபடி தொண்ணூறு நிமிடம் பொறுமையாகக் காத்திருந்தது.

காலையில் நாங்கள் போனபோது கரையோரமெல்லாம் இறால் ஒதுங்கி வெளுத்துக் கிடந்தது. கொக்குகள் எங்களைப் பார்த்துப் பறக்கக்கூட இல்லை. அந்தோணிசாமி கத்துவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, "சார், அதுல உங்க பேருதான் இருக்குதாமே" என்றார். நசீமா ஜெனரேட்டர் கொட்டகையில் லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பி, "இதுல எங்க சார் நிமிஷம்னு போட்டிருக்கு? நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன். மேலே என் பெயர். அதற்குக் கீழே வெறும் வரிகள், ஒன்றுக்கும் விளக்கம் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் உன் மாமா என் தோளில் கை வைத்து, "மாப்ள கொஞ்சம் கவனிக்காம விட்டுட்டாரு. வீட்டுல துக்கம், அந்தச் சமயம்" என்றார். அந்த வாக்கியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். இறந்துபோன என் அம்மாவை அவருக்குச் சாட்சியாக்கிக்கொண்டார். ஆபீஸுக்கு வந்ததும், பழைய பிரதியை என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, நிமிடம் என்று நான் எழுதியிருந்த வரியைக் காட்டினேன். "இப்ப எதுக்கு அது? செத்த எறா எந்திரிச்சு வரப்போவுதா?" என்றார்.

சரி, கமெண்டுகளைத் திரும்பப் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "இனிமே எந்த சைட்டா இருந்தாலும் மாட்டும்போது நீங்களே நேர்ல போயிருங்க" என்றார். அன்றிலிருந்து அழித்த கமெண்டுகளுக்குப் பதிலாக நான் ஊர் ஊராகப் போகிறேன். போக முடியாத இடத்துக்கு என் போன் போகிறது. உன் பட்டமளிப்பு விழாவில் உன் பெயரைக் கூப்பிட்டபோது நான் மண்டபத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்று, புவனகிரிக்காரர் ஒருவருக்கு மூன்றாவதாகக் கொடுக்க வேண்டிய எண் எது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஹெட்டரில் அரை வரியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது. நீ கவுனோடு வெளியே வந்து என்னைப் பார்த்தாய். நான் போனைக் கையால் மூடிக்கொண்டு, "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன், ஏதோ நீ சினிமாவுக்குப் போய் வந்த மாதிரி.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது கொஞ்சம் இருக்கிறது, உன் சென்னை வேலைக்கு உதவும். அளவைக் கமெண்டில் மட்டும் எழுதாதே, பெயரிலேயே வை. ஃபங்ஷனின் பெயர் நிமிடம் என்று முடிந்திருந்தால், கமெண்டை அழித்த கை அதை அழித்திருக்க முடியாது. அழித்தால் நிரல் கம்பைல் ஆகாது, இயந்திர மொழிக்கே மாறாது. கமெண்டை இயந்திரம் காப்பாற்றுவதில்லை, பெயரைக் காப்பாற்றும். கமெண்டில் எழுத வேண்டியது, பெயரில் அடங்காதது: ஏன் இப்படி இருக்கிறது, தப்பானால் எந்த எண் திரும்பி வரும், வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது யார். ஒரு வேலைக்கு ஒரு ஹெட்டர் போதும். எல்லாவற்றையும் ஒன்றில் ஒட்டினால், ஒரு மூலையில் ஒரு வரியை மாற்றினாலும் கம்பெனியே மறுபடி கம்பைல் ஆகும். இங்கே தினமும் அதற்காகத்தான் டீ குடிக்கப் போகிறோம். ஒவ்வொரு ஹெட்டரும் தனக்கு வேண்டியதைத் தானே சேர்த்துக்கொண்டு தனியாக நிற்க வேண்டும், வேறு எதற்கோ பின்னால் வந்தால்தான் வேலை செய்யும் என்று இருக்கக்கூடாது. அதேபோல, இன்னொன்றின் உள்விவரம் தேவைப்படாத இடத்தில் அதன் முழு ஹெட்டரையும் இழுத்து வராதே. இப்படி ஒன்று இருக்கிறது என்று ஒரே வரியில் அறிவித்துவிட்டுப் போ. உன் மாமாவுக்கும் அதுதான் பொருந்தும். அவருக்குச் சென்னையில் ஒரு மருமகன் இருக்கிறான் என்பது தெரிந்தால் போதும். உன் உள்விவரம் அவருக்கு எதற்கு?

இனி இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் சொன்ன பிறகு, நான் அந்தப் பெரிய பைலைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஒளிவுமறைவாக இல்லை, ஆபீஸ் நேரத்தில், என் மேஜையிலேயே. பழைய கமெண்டுகளைத் திரும்ப வைத்தேன், பெயர்களில் அளவைச் சேர்த்தேன், பழைய பெயரைக் கூப்பிடுகிறவர்களுக்கு எச்சரிக்கை வரும்படி செய்தேன். பம்புக்கான ஹெட்டர் முடிந்தது. மற்றவை பாக்கி. மாமா வந்து பின்னால் நின்றார்.

"என்ன மாப்ள, பக்கம் பக்கமா, யாருக்கு எழுதுறீங்க?"

"எனக்கப்புறம் வர்றவங்களுக்கு மச்சான்."

"வரப்போறது நம்ம பையன்தான? வாயால சொல்லிக் குடுங்க. வீட்டுப் புள்ளைக்கு எதுக்கு எழுத்து? அந்த நேரத்துல புதுச்சத்திரத்துக்காரன் பொட்டியப் பாருங்க."

அன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். கோபத்தோடு பைலை மூடினேன். ஆனால் கார் ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் நின்றபோது எனக்கு ஒன்று புரிந்தது. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

நீ வருகிறாய் என்பதால்தான் அவருக்கு எழுத்து வேண்டியதில்லை. வெளியாள் வந்தால் எழுதியே ஆக வேண்டும். வெளியாள் மாடியில் குடியிருக்க மாட்டான், பட்டமளிப்பு விழாவின் நடுவில் போனை எடுக்க மாட்டான், சம்பளம் ஒத்துவரவில்லை என்றால் போய்விடுவான். அவனுக்காக எல்லாவற்றையும் ஹெட்டரில் வைக்க வேண்டும். நம்ம பையன் என்றால் அந்தத் தொல்லை இல்லை. அப்பா தலையில் இருப்பதை மகன் தலைக்கு மாற்றிவிட்டால் போதும். நீ அங்கே வந்து உட்கார்ந்த அன்று நான் விடுதலையாக மாட்டேன். உனக்குத் தெரியாததைக் கேட்க நீ எனக்குப் போன் பண்ணுவாய், நான் எடுப்பேன். உன் போனை நான் எடுக்காமல் இருப்பேனா? ஒருவருக்குப் பதில் இரண்டு பேர் அந்தப் பைலுக்குள் மாட்டிக்கொண்டிருப்போம். ஒரு நாள் ஏதாவது ஒரு குளத்துக் கரையில் யாராவது உன்னிடம், "சார், அதுல உங்க பேருதான் இருக்குதாமே" என்பார்கள். மாமா உன் தோளில் கை வைப்பார். அவர் கெட்டவர் இல்லை என்று அம்மா சொல்வாள். எனக்கு அதைப் பற்றிக் கருத்து இருக்கிறது, ஆனால் அது உனக்கு வேண்டாம். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, நாம் அவருக்குச் சொந்தமாக இருந்தாலே போதும்.

அதனால் நீ வர மாட்டேன் என்று சொல்ல வேண்டும். எனக்காகத்தான் கேட்கிறேன். உன் எதிர்காலம், சென்னை, அதெல்லாம் உன் பாடு. வருவான் வருவான் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கும் வரை என்னை எழுத விட மாட்டார். வர மாட்டான் என்று தெரிந்த அன்று அவருக்கு வேறு வழி இல்லை. ஆள் தேட வேண்டும், வருகிறவனிடம் கொடுக்கப் பைல் வேண்டும், எழுதச் சொல்லி அவரே என் மேஜைக்கு வருவார். முடித்துக் கொடுத்துவிட்டு நான் எழுந்துகொள்வேன். பார்த்துச் சொல்கிறேன், அப்புறம் யோசிக்கிறேன் என்று அவரிடம் இழுக்காதே. அவர் காதில் அது சரி என்றுதான் விழும். "நான் வரல மாமா" என்று சொல். காரணம் கேட்டால் சொல்லாதே. காரணம் சொன்னால் அதற்கு மருந்து வைத்திருப்பார். அப்பாவை நினைத்துப் பார் என்பார். நினைத்துத்தான் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடு.

இதுவரை எழுதி வீட்டு மேஜையில் வைத்திருந்தேன். கடையிலிருந்து வந்து பார்க்கும்போது அம்மா படித்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணனைப் பற்றி எழுதிய பக்கம் கையில் இருந்தது. சண்டை வரும் என்று நின்றேன். "எங்கண்ணன் கமெண்ட அழிச்சாரா? அன்னைக்கு நீங்க கவனிக்காம விட்டுட்டீங்கன்னுல்ல என்கிட்ட சொன்னாரு?" என்று கேட்டாள். இத்தனை நாளும் அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். நானும் அவளிடம் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தும் அவர் பக்கம் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவளோடும் மனதுக்குள் ஒரு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். "அப்ப புள்ள வரலன்னாத்தான் நீங்க வீட்டுல இருப்பீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். காகிதங்களை அடுக்கி, ஓரம் தட்டி, என்னிடம் கொடுத்தாள். அடுப்படிக்குப் போகிற வழியில் திரும்பி நின்று, "வெள்ளிக்கிழமை பேசச் சொல்லுங்க. பத்தரைக்கு முன்னாடி. அப்புறம் ராகு காலம்" என்றாள்.

பத்தரைக்கு முன்னால் பேசிவிடு.

அப்பா